பாலோவிலிருந்து வந்துகொண்டிருந்த பக்கம்

மேகலா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது, அவளுடைய பக்கம் ஒன்று என் கையில் இருந்தது. தமிழ்ப்பள்ளி மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிப் பழகும் பயிற்றி நூலில் பறவைகளைப் பற்றிய பாடம். முந்தின நாள் சாயங்காலம் குளுவாங்கை அடுத்த பாலோவில் இருந்தபடி அவள் அனுப்ப, ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டு அச்சுப்பொறி அச்சிட்டுத் தந்தது. ‘மரங்கொத்தி பறவை’ என்ற இடத்தில் நடுவே ஒரு ‘ப்’ விடுபட்டிருந்தது. அதைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுத் தொலைபேசியிலும் சொல்லியிருந்தேன். “நாளைக்குக் காலையில மாத்தி அனுப்புறேன் அக்கா” என்றாள்.

காலையில் அடித்தது அவளுடைய தம்பி குமரனின் அழைப்பு. அவன் மூவாரில் நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறான்.

“அக்கா, மேகலாக்கா போயிட்டாங்க. விடிகாலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள…”

கையிலிருந்த தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

இதைப் படிப்பவர்களில் பலர் மேகலாவை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் பிள்ளைகளின் பயிற்றி நூல்களில், கடைசிப் பக்கத்துக் கீழ்மூலையில், ‘பக்க வடிவமைப்பு’ என்ற சிறிய எழுத்துகளுக்குப் பக்கத்தில் அவள் பெயரைக் கடந்து போயிருப்பீர்கள். பாடம் எழுதிய ஆசிரியர்களுக்கு அவளை நன்றாகத் தெரியும். “சார், ஒரு பக்கத்துல இவ்ளோ அடைச்சா புள்ள எங்க சார் எழுதும்?” என்று கேட்டு, அவர்களின் பத்திகளை ஈவிரக்கமில்லாமல் வெட்டியவள் அவள். நான் மெய்ப்புப் பார்ப்பவள். ஜொகூர் பாருவில் ஒரே பதிப்பகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கியவர்கள் நாங்கள். தேவனைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் பாலோவுக்குப் போன பிறகும் எங்கள் மேசைகள் பிரியவில்லை.

எனக்குத் திரையில் பிழை தெரியாது, தாளில்தான் தெரியும். வெகுகாலம் அவள் பக்கங்களை அச்சிட்டுக் கூரியரில் அனுப்பினாள். கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது கூரியர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது அவள்தான் சொன்னாள், கம்பியில்லாத அச்சுப்பொறி ஒன்றை என் வீட்டில் வைத்து, அதை என் வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால், இணையம் வழியாகப் பாலோவில் இருந்தே அவள் அதில் அச்சிடலாம் என்று. “நான் இங்க அமுக்குனா உங்க வீட்டுல வந்து விழும் அக்கா.”

அதை இணைக்க எங்களுக்கு ஒரு முழுப் பகல் ஆனது. அவள் தொலைபேசியில், நான் தரையில் மண்டியிட்டபடி.

“மொதல்ல மோடத்த ஓஃப் பண்ணுங்க. பிரிண்டரையும் ஓஃப் பண்ணுங்க. இப்ப போயி ஒரு தே ஓ போட்டுக் குடிங்க.”

“விளையாடாத மேகலா. டீ குடிக்கிற நேரமா இது?”

“நெசமாத்தான் லா. ரெண்டும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். அப்புறம் மோடத்த மொதல்ல போடுங்க. லைட் எல்லாம் நின்னு எரியட்டும். அதுக்கப்புறம் பிரிண்டர். வீட்டுக்காரங்க எழுந்திருச்சாதானே அக்கா விருந்தாளி கதவத் தட்ட முடியும்?”

என் மோடம் இரண்டு பெயர்களில் வைஃபை தருகிறது என்பதும், அவற்றில் வேகமானதை இந்த அச்சுப்பொறியால் பார்க்கவே முடியாது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மெதுவானதைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லை அடித்தேன். நீல விளக்கு சிமிட்டியது, அணைந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி அணைந்தது. மூன்றாம் முறை கைப்பேசியில் தேடியபோது, நான் அதுவரை பார்த்திராத ஒரு பெயர் பட்டியலின் உச்சியில் நின்றது. பொருளில்லாத எழுத்துகளும் எண்களும். சமிக்ஞை மட்டும் முழு வலுவோடு.

பக்கத்து வீடு அப்போது காலி. குடியிருந்தவர்கள் பூட்டிக்கொண்டு போய் வெகு நாள் ஆகியிருந்தது.

“மேகலா, ஏதோ ஒரு பேரு காட்டுது. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாருமே இல்ல. ஆனா ரொம்பப் பக்கத்துல இருக்கிற மாதிரி காட்டுது.”

“பிரிண்டர ஓஃப் பண்ணிப் பாருங்க” என்றாள். அணைத்தேன். பெயர் மறைந்தது. போட்டேன். வந்தது.

“அது பிரிண்டரோட சொந்தப் பேரு அக்கா. வீட்டு வைஃபைக்குள்ள போக முடியலன்னாலும் அது சும்மா இருக்காது. தனக்குத்தானே ஒரு பேர் வச்சுக்கிட்டு, யாராச்சும் வருவாங்களான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்.” பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அலமாக், பயந்துட்டீங்களா?”

கடவுச்சொல்லில் ஓர் எழுத்தை நான் பெரிய எழுத்தாக அடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான் பழுது. திருத்தியதும் நீல விளக்கு நின்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில் பொறிக்குள் சக்கரம் சுழலும் ஓசை, தாளை இழுக்கும் ஓசை. பாலோவில் இருந்து முதல் தாள் வந்து விழுந்தது. அதில் பெரிய எழுத்தில் ‘அக்கா வந்துடுச்சா?’ என்று மட்டும் இருந்தது. உடனே அழைத்து, வந்துவிட்டது என்றேன்.

அதுவே எங்கள் வழக்கமானது. நாள்தோறும் தேநீர் நேரத்தில் ஒரு பக்கமாவது வரும். வந்ததும் நான் அழைக்க வேண்டும். அழைக்காவிட்டால் விடமாட்டாள். “அனுப்புனது வந்து சேந்துச்சான்னு எப்படி அக்கா தெரியும்? சத்தம் கேட்டாதானே தெரியும்” என்பாள். அந்த அழைப்பில் ஒற்றுப்பிழைக்காகச் சண்டை போடுவோம். “ஒரு ‘ப்’புக்கா அக்கா இவ்ளோ பேச்சு?” என்பாள். அப்புறம் பேச்சு குளுவாங் சந்தை மீனுக்கோ, அவளுடைய தேவனின் சர்க்கரைக்கோ போய்விடும். பின்னால் தேவன் இருமுவது எனக்குக் கேட்கும். செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர்.

அவளை எடுத்துப் போன அன்று அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. சடங்குகளைக் குமரன்தான் பார்த்துக்கொண்டான். கிளம்பும்போது நான் அருகில் போய், “அண்ணே, நான் வர்றேன்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஊர் திரும்பிச் சில நாள் கழித்து, மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில், அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அச்சுப்பொறி விழித்துக்கொண்டது.

சக்கரம் சுழன்றது. தாளை இழுத்தது. நான் சமையலறை வாசலில் நின்றே பார்த்தேன். வெளியே வந்து விழுந்தது பறவைகள் பாடம். அதே பக்கம். ‘மரங்கொத்தி பறவை.’

எங்கோ சிக்கிக்கொண்டிருந்தது இப்போது வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைப்பேசியில் அச்சுப்பொறிச் செயலியைத் திறந்து பார்த்தேன். அச்சுக்குக் காத்திருக்கும் வேலை எதுவும் இல்லை என்றது. மேகலா சொல்லித்தந்த வரிசையிலேயே செய்தேன். மோடத்தை அணைத்தேன். அச்சுப்பொறியை அணைத்தேன். தே ஓ போட்டுக் குடித்தேன். மோடத்தைப் போட்டேன், விளக்குகள் நிற்கக் காத்திருந்தேன், பிறகு மற்றதைப் போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது.

மறுநாள் அதே தேநீர் நேரத்தில் அதே பக்கம் வந்தது. அதற்கடுத்த நாளும்.

என் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியும் முன்பே எல்லைப் பாலம் கடந்தால் வீடு திரும்ப இருட்டிவிடும். பகலெல்லாம் நான் தனியாகத்தான். அவரிடம் சொன்னேன். “மெமரில மாட்டியிருக்கும். மொத்தமா ரீசெட் பண்ணிடு” என்றார். செய்திருக்கலாம். ஆனால் மொத்தமாக அழித்தால் மேகலாவுக்கு நான் திறந்துவைத்திருந்த வழியும் அழிந்துவிடும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக அச்சுப்பொறியின் வைஃபையை மட்டும் நிறுத்தினேன். நீல விளக்கு அணைந்தது.

அன்று பிற்பகல் எதுவும் வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. நான் மெய்ப்பில் கண்ணை வைத்திருந்தேன்; காதெல்லாம் கூடத்தில் இருந்தது. வெளிக் கேட் அருகே யாரோ நனைந்துகொண்டு நிற்கிறார்கள், நான் உள்ளே இருந்துகொண்டே திறக்காமல் இருக்கிறேன் என்பது போல் ஓர் உணர்வு. எழுந்து போய்ச் சன்னல் வழியே இரண்டு முறை பார்த்தேன். யாரும் இல்லை.

இப்படிச் சில நாள் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு மாலை, தேநீர் நேரத்துக்குச் சற்று முன், வைஃபையை மறுபடி இணைத்தேன். மெதுவான பெயர், கடவுச்சொல். விளக்கு சிமிட்டியது, சிமிட்டியது, நின்று எரிந்தது.

உடனே தாள்கள் வரத் தொடங்கின. ஒன்றன்பின் ஒன்றாக, நான் மூடிவைத்திருந்த நாள்களுக்கெல்லாம் சேர்த்து. எல்லாம் பறவைகள் பாடம். தட்டு நிறைந்து தரையில் விழுந்தன. பிறகு நின்றது. நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே மறுபடி சக்கரம் சுழன்று, கடைசியாக இன்னொன்று வந்தது.

தொழில் பழக்கம். பயத்திலும் கண் பிழையைத்தான் தேடும். தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். எல்லாவற்றிலும் ‘மரங்கொத்தி பறவை’. கடைசியாக வந்த தாளில் மட்டும் ‘மரங்கொத்திப் பறவை’.

அந்தப் பிழையை நான் சொன்னது ஒருத்தியிடம்தான். மூவாருக்கு அழைத்தேன்.

“குமரா, மேகலாவோட லேப்டாப்ப யாராச்சும் திறந்தீங்களா?”

“இல்லையே அக்கா. கருமாதி முடியட்டும்னு இங்க என் வீட்டுல கொண்டாந்து வச்சிருக்கேன். பை ஜிப்பக்கூட இழுக்கல. ஏன் அக்கா?”

“தேவன் மாமா எப்படி இருக்காரு?” என்றேன்.

“இருக்காரு. அவர் போனு ஓஃப்லயே கிடக்கு. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, அந்த மாக்சிக்தான் சாப்பாடு குடுக்குறாங்க. ஞாயித்துக்கிழம நான் போறேன்.”

கைப்பேசியை வைத்தேன். மேசையில் அந்தத் தாள். மணி தேநீர் நேரத்தைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. பக்கம் வந்தால் அழைக்க வேண்டும் என்பது விரலுக்குப் பழகிப்போயிருந்தது. மேகலாவின் எண்ணை அழுத்தினேன்.

மணி அடித்தது. எடுக்கப்பட்டது.

பேச்சில்லை. காற்றாடி சுற்றும் ஓசை கேட்டது. தகரக் கூரையில் மழை. அதற்கு நடுவே, மிக அருகில், ஒரு மூச்சு. கனமான, இழுத்து இழுத்து வரும் மூச்சு.

“மேகலா?” என்றேன்.

மூச்சு நின்றது. பிறகு தொடர்பு அறுந்தது.

கார் சாவியை எடுத்துக்கொண்டு அப்படியே பாலோவுக்குக் கிளம்பினேன். கணவருக்கு வழியில்தான் சொன்னேன். குமரனையும் உடனே கிளம்பி வரச் சொன்னேன். எது என்னை இழுத்தது என்று இப்போதும் தெளிவாகத் தெரியவில்லை. அவளைப் பார்ப்பேன் என்று நினைத்தேனா? கொஞ்சம் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. குளுவாங் தாண்டியதும் செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கிவந்து, மாலை வெளிச்சத்தைச் சாலையில் விழவிடாமல் மறைத்தன. எதிரே வண்டியே இல்லை.

பாலோவில் அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வெளிப்படியில் மாக்சிக் வைத்த சாப்பாட்டுத் தூக்கு மூடி திறக்காமல் இருந்தது. உள்ளே விளக்கு போடவில்லை. பின்னறையில் மட்டும் நீலமான ஒரு வெளிச்சம். காற்றாடி சுற்றும் ஓசை. தொலைபேசியில் கேட்ட அதே ஓசை.

“அண்ணே” என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

தேவன் மேகலாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பழைய மேசைக் கணினி. அது அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் மடிக்கணினியில்தான் வேலை செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். திரையில் பறவைகள் பாடம். விசைப்பலகைக்குப் பக்கத்தில் மேகலாவின் கைப்பேசி, மின்கம்பி செருகியபடி.

“வாங்கம்மா” என்றார். நாக்கு குழறியது. முகம் நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. “வந்துடுச்சா?”

“என்ன அண்ணே?”

“தாளு.” அவர் விசைப்பலகையைக் காட்டினார். “சாயந்திரமானா அவ இதையும் இதையும் சேர்த்து அமுக்குவா. அப்புறம் இந்தப் பெரிய பட்டன். அமுக்குனா கொஞ்ச நேரத்துல போனு அடிக்கும். நீங்க பேசுவீங்க. அவ சிரிப்பா.” மூச்சு வாங்கினார். “நானும் தெனம் அமுக்குறேம்மா. அடிக்கவே இல்ல.”

நான் சுவரில் விளக்கின் சுவிட்சைத் தேடினேன்.

“இன்னிக்கு அடிச்சுச்சு. எடுத்தேன். நீங்க அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க. நான் என்னன்னு சொல்றது? வச்சிட்டேன்.”

விளக்கைப் போட்ட பிறகுதான் அவர் காலைப் பார்த்தேன். பாதத்தில் கட்டியிருந்த துணி நனைந்து கறுத்திருந்தது. சர்க்கரைக்காரருக்கு எப்போதோ பட்ட காயம். பார்க்க ஆள் இல்லை, அவரும் காட்டவில்லை. அறையில் அந்த வாடை இருந்தது. மாக்சிக்கையும் அவர் மகனையும் கூப்பிட்டுத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினோம். “ஒவ்வொரு நாளும் கேட்டேன், சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னுதான் சொன்னார்” என்று அந்த அம்மா மலாயில் சொல்லி அழுதார். குளுவாங் மருத்துவமனையில் குமரன் வந்து சேர்ந்துகொண்டான். நஞ்சு இரத்தத்தில் ஏறத் தொடங்கியிருந்தது, இன்னும் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்று மருத்துவர் சொன்னார். இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். தேவன் பிழைத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் குமரனிடம் அந்தத் திருத்தத்தைப் பற்றிக் கேட்டேன். தேவனுக்கு ஓர் எழுத்துகூட அடிக்கத் தெரியாது. “மேகலாக்கா அன்னிக்கு ராத்திரியே திருத்தி வேற ஃபைலா வச்சிருப்பாங்க. மாமா கை பட்டு அது திறந்திருக்கும்” என்றான். அப்படித்தான் இருக்க வேண்டும். அவன் அந்தக் கணினியைத் துழாவிப் பார்க்கட்டுமா என்றும் கேட்டான். வேண்டாம் என்றேன். அந்தத் தாள் வராமல் இருந்திருந்தால் நான் மூவாருக்கு அழைத்திருக்க மாட்டேன். பாலோவுக்கு அழைத்திருக்க மாட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை.

இப்போது தேவன் மூவாரில் குமரன் வீட்டில் இருக்கிறார். ஆற்றோரமாக மெல்ல நடக்கிறார். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். அச்சுப்பொறியைப் பற்றிப் பேச்சு வந்தது. மேகலா எனக்காக எவ்வளவு சிரமப்பட்டாள், நான் திரையில் மெய்ப்புப் பார்க்கப் பழகியிருக்கலாம், அவளும் பக்கங்களை மொத்தமாகச் சேர்த்து ஒரே நாளில் அனுப்பியிருக்கலாம் என்று ஏதோ சொன்னேன்.

தேவன் தலையை ஆட்டினார். “மொத்தமாத்தாம்மா முடிச்சு வச்சிருப்பா. வாரத்து வேலைய ரெண்டே நாளுல முடிச்சிருவா. அப்புறம் ஒண்ணு ஒண்ணா அனுப்புவா. ஏன்டி இப்படின்னு கேட்டேன். ‘அக்கா வூட்டுல பகலெல்லாம் யாரும் இல்லங்க. சாயந்திரமாச்சும் ஒரு கொரல் கேக்கட்டும்’னா.”

அவளுக்குத் துணையாகத்தான் நான் தினமும் அழைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவளுக்குத்தான் தனிமை என்று நினைத்திருந்தேன்.

மேகலாவை அறிந்தவர்களே, அவளிடமிருந்து ஆளுக்கு ஒன்றை நீங்களும் வைத்திருப்பீர்கள். வெட்டப்பட்ட ஒரு பத்தி, ஒரு சிரிப்பு, ஒரு ‘ப்’. நான் அவளுடைய சாயங்காலத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். தேநீர் கொதிக்கும் நேரத்தில் மூவாருக்கு அழைக்கிறேன். தேவன் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார். இருவருக்கும் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. அவர் மூச்சு கேட்கிறது. என்னுடையது அவருக்குக் கேட்கும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, “சரிம்மா” என்று அவர்தான் முதலில் வைக்கிறார்.